வேரையும் கொஞ்சம் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காய்கறிச் செடிகள் ஏன் வாடுகின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீர், உரம், இலைப்பூச்சி எல்லாம் வந்துவிட்டன. மண்ணுக்குள் இருந்து வேரைத் தாக்கும், நூல் போன்ற நுண்ணிய புழுவான நூற்புழுவைப் பற்றி மட்டும் ஒரு வரியும் காணோம். ஒரு பாத்தித் தக்காளியை அதனிடம் பறிகொடுத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

என் செடிகள் மத்தியானம் துவளும், சாயங்காலம் நிமிரும். இலை வெளிறிக்கொண்டே போனது. தண்ணீரைக் கூட்டினேன், அப்புறம் உரம் வைத்தேன். கடைசியில் ஒரு செடியைப் பிடுங்கினால் வேர் முழுக்க மணிமணியாக வீக்கம். வேர்முடிச்சு நூற்புழு.

இதன் இளம்புழு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வாயில் ஊசி போல ஓர் உறுப்பு உண்டு. வேர் நுனிக்கு அருகே துளைத்து உள்ளே போய், நீரும் உணவும் ஓடும் திசுவை ஒட்டி நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. அது செலுத்தும் சுரப்பால் அங்குள்ள சில செல்கள் பல மடங்கு பருத்துவிடுகின்றன. செடி தயாரிக்கும் உணவு அந்தச் செல்களுக்கு வர, புழு அங்கிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. பெண்புழு பேரிக்காய் போல உப்பி, இடம் நகராமலே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மண் வெதுவெதுப்பாக இருந்தால் சுமார் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். தாக்குண்ட வேரில் வாடல் நோய்க் கிருமிகளும் எளிதாகத் தொற்றும்.

பயறு வகைகளின் வேரில் முடிச்சைப் பார்த்துப் பதற வேண்டாம். அவை நைட்ரஜனைச் சேர்க்கும் பாக்டீரியாவின் முடிச்சுகள். வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். நூற்புழு முடிச்சு உதிராது, வேரே வீங்கியிருக்கும். நூற்புழுக்கள் எல்லாமே பகையும் அல்ல. பாக்டீரியாவைத் தின்று மண்ணை வளமாக்குபவை நிறைய உண்டு.

நான் செய்த பெரிய தவறு, பிடுங்கிய வேர்களை எருக்குழியில் போட்டது. குழி நன்றாகச் சூடேறாவிட்டால் முட்டைகள் பிழைத்து எருவோடு பாத்திக்கே திரும்பிவிடும். கடும் வெயில் காலத்தில் ஈர மண்ணை ஒளி புகும் பிளாஸ்டிக் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடிவைப்பது ஓரளவு பலன் தரும், மேல்மண் வரைக்கும். எதிர்ப்புத் திறனுள்ள தக்காளி ரகங்களும் உண்டு. ஆனால் மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அவற்றில் பெரும்பாலானவற்றின் எதிர்ப்பு தளர்ந்துவிடும். இதை விதைப் பொட்டலத்தில் யாரும் அச்சிடுவதில்லை!

அடுத்த முறை வாடிய இலையின் படம் போட்டால், பக்கத்திலேயே அந்த வேரின் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்