குறையோடு பிறக்கும் பாம்பும் அதைப் பெருக்குவோரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டபோது, நம் பகுதியில் எல்லோரும் கடத்தலைப் பற்றித்தான் பேசினோம். இத்தகைய பாம்புகளை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் எதைக் கண்டு வாங்குகிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை. முப்பது ஆண்டுகள் விலங்கியல் பாடம் நடத்திய எனக்கே அது சென்ற மாசி மாதத்தில்தான் விளங்கியது.

தஞ்சாவூரில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர், முறைப்படி பதிவு செய்து தாம் வளர்க்கும் ‘பால் பைத்தான்’ பாம்பைக் காட்ட அழைத்திருந்தார். (நாம் புற்றில் ஊற்றும் பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, அஞ்சினால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு இது.) சிலந்தி வலைபோன்ற மெல்லிய கோடுகள் உடைய ‘ஸ்பைடர்’ வகை, பார்க்க அழகாகவே இருந்தது. இடுக்கியில் பிடித்த எலியை அவர் நீட்டியதும் பாம்பு தலையை உயர்த்தியது. உயர்ந்த தலை இடப்பக்கம் சாய்ந்து, திருகி, தாடை மேலே பார்க்கும்படி கவிழ்ந்தது. அந்த நிலையிலேயே பாய்ந்து வெறுங்காற்றைக் கவ்வியது. அடுத்த முறை கண்ணாடியில் மோதியது. நான்காம் முறைதான் எலி வாயில் அகப்பட்டது. “அது அப்படித்தான் சார், டான்ஸ் ஆடும்” என்று சிரித்தார் மாணவர்.

அது ஆட்டமன்று. அந்தக் கோலத்தைத் தருகிற மரபணு மாற்றத்தோடு இந்தத் தடுமாற்றமும் சேர்ந்தே வருகிறது. இவ்வகைப் பாம்புகளின் உட்காதில், உடலின் சமநிலையை உணரும் பகுதிகள் உருக்குலைந்திருப்பதை 2022இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெற்றோரில் ஒன்று மட்டும் இவ்வகையாக இருந்தாலும், ஆறு முட்டைகளில் சராசரியாக மூன்று குட்டிகளுக்கு இது போய்விடும். நடுக்கம் ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். ஆனால் கோலத்தை வைத்துக்கொண்டு நடுக்கத்தை மட்டும் களைய, இருபதாண்டுகளுக்கு மேலாக இதைப் பெருக்கிவரும் வெளிநாட்டுப் பண்ணையாளர்களாலும் முடியவில்லை. ஆகவே இந்தக் கோலத்தை விரும்பி வாங்குகிறவர், அறிந்தோ அறியாமலோ, அந்த நோயையும் சேர்த்தே கேட்டு வாங்குகிறார்.

“நன்றாகத் தின்கிறது, வளர்கிறது, முட்டையிடுகிறது, பிறகென்ன?” என்பது வளர்ப்போர் சொல்லும் சமாதானம். கத்த குரலும் சுளிக்க முகமும் இல்லாத பிராணியிடம், தின்பதை மட்டும் நலத்துக்குச் சான்றாகக் கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் ஊரில் உம்பளச்சேரி மாடு வைத்திருக்கும் எவரும், நிற்கத் தடுமாறும் கன்றை, நிறம் அழகாக இருக்கிறது என்பதற்காகப் பொலிகாளையாக விடமாட்டார். அந்தக் காளைகளுக்குக் கொம்பைத் தீய்த்து மொட்டையாக்குகிற நாமும் பெரிய யோக்கியர்கள் அல்லர்தான். ஆனாலும் தீய்த்த கொம்பு கன்றுக்குப் போவதில்லை.

குறையோடு பிறந்துவிட்ட பாம்பை வளர்க்கக் கூடாது என்பது என் வாதமன்று. முட்டை அளவுக்கு மீறிச் சூடேறியதால் முதுகெலும்பு வளைந்து பிறந்த குட்டியையோ, கரு முழுதாகப் பிரியாததால் இரண்டு தலையோடு பிறந்த குட்டியையோ ஒருவர் பொறுப்போடு காப்பாற்றினால் அது கருணை. (மண்ணுளிப் பாம்பின் மழுங்கிய வாலைக் காட்டி ‘இருதலைப் பாம்பு, வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம்’ என்று லட்சக்கணக்கில் ஏமாற்றுவது வேறு கதை, அது வெறும் மோசடி.) இன்ன குறை வரும் என்று தெரிந்தே இணை சேர்த்து, அடுத்த தலைமுறையையும் அதே நடுக்கத்தோடு பிறக்கச் செய்து, விலை வைப்பதைத்தான் தவறென்கிறேன்.

சட்டம் இதைக் கண்டுகொள்வதில்லை. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் 2024இல் வந்த பதிவு விதிகளும் வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிய வேண்டும் என்கின்றன. பெருக்குவதற்கு உரிமம் தேவைப்படுவதோ, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையில், மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதல் இணைப்பின் (பட்டியலின்) உயிரினங்களுக்குத்தான். பால் பைத்தான் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. எத்தனை குட்டிகள் என்ற கணக்கு அரசிடம் இருக்கலாம். நேராகத் தலை தூக்க முடிகிற குட்டிகள் எத்தனை என்ற கணக்கு இராது. பிரிட்டனில் ஊர்வன வளர்ப்போரின் சங்கம் ஒன்றே தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் வகையின் விற்பனையைத் தடுத்திருக்கிறது.

எனவே, பரம்பரைக் குறை உறுதியாகத் தெரிந்த வகைகளை இணை சேர்ப்பதையும் விற்பதையும் தடைசெய்யும் ஒரு விதியை ஒன்றிய அரசு சேர்க்க வேண்டும் என்றும், அதுவரை பதிவின்போதே வாங்குபவருக்கு இந்த விவரத்தைத் தமிழில் அச்சிட்டுத் தர வனத்துறை முன்வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். என் மாணவர் ஒரு பெண் பாம்புக்கு முன்பணம் கொடுத்து வைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்ட பிறகு அதைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். விற்பவர் இன்னும் தரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திருவையாறு.