கலைக்கூடச் சுழற்சிக் கண்காட்சிகள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுப் பேரவையின் முன் வைக்கிறேன். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்துப் படிப்பார். பேரவையின் ஒப்புதலுக்குப் பின் அது, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யப்படும். கோத்தகிரியில் உள்ள நம் கலைக்கூடத்தில் யாருடைய படைப்புகள், எந்த மாதத்தில், எந்த நிலையில் காட்சிக்கு இருந்தன என்பதையே இவ்வறிக்கை பெரிதும் பேசுகிறது.

இரண்டு மாதங்களுக்கு ஒன்று என ஆறு கண்காட்சிகள் திட்டமிட்டு, ஐந்தை நடத்தினோம். சீசன் மாதங்களான ஏப்ரல், மே இரண்டிலும் குன்னூர், உதகை, கோத்தகிரி ஓவியர்களின் நீர்வண்ண இயற்கைக் காட்சிகள் இடம்பெற்றன. மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானதால் பார்வையாளர் குறைவார்களோ என்று அஞ்சினோம். ஆனால் விடுமுறையில் வீட்டிலிருந்த நம் ஊர்ப் பிள்ளைகளே நாள்தோறும் வந்து கூடத்தை நிறைத்தார்கள்.

ஜூன், ஜூலை மாதங்களை நீலகிரிப் பழங்குடியினரான ஆலுக் குறும்பரின் ஓவியங்களுக்கு ஒதுக்கியிருந்தோம். அழைப்பிதழ் அச்சாகும் நேரத்தில்தான், அம்மாதங்களில் ஓவியர்கள் தேன் எடுக்கக் காட்டுக்குள் போயிருப்பார்கள் என்பது தெரியவந்தது. அவர்களின் ஊரான வெள்ளரிக்கொம்பைக்கு ஒருமுறை நேரில் போய்க் கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். அதைச் செய்யாதது என் தவறு. கூடம் இரண்டு மாதம் வெறுமையாக இருந்தது. கண்காட்சி ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது.

தள்ளிப்போனதால் நன்மையும் விளைந்தது. தேன் எடுத்து முடித்துவந்த ஓவியர்கள் இருவர் கூடத்திலேயே அமர்ந்து வரைந்தார்கள். வேங்கை மரப் பிசினை வெந்நீரில் கரைத்து முதற்பூச்சாகத் தடவும்போது தேநீரின் நிறமே தெரிகிறது. காயவிட்டு அதன்மேல் மீண்டும் மீண்டும் பூசப் பூச அடர்ந்த செம்பழுப்பாகிறது. பச்சைக்கு இலைச்சாற்றையும் பிற நிறங்களுக்கு மண்ணையும் பயன்படுத்தினார்கள். தங்கள் முன்னோர் பாறையிலும் வீட்டுச் சுவரிலும் வரைந்ததைத்தான் தாங்கள் தாளில் வரைவதாகச் சொன்னார்கள். செங்குத்தான பாறையில் கொடியேணியில் ஒருவர் தொங்கித் தேனடையை அறுக்க, மேலே ஒருவர் கொடியைக் காத்து நிற்கும் ஓவியத்தைக் காட்டி, மேலே இருப்பவர் யார் என்று ஒரு சிறுமி கேட்டாள். தொங்குபவரின் மைத்துனர் என்றார் ஓவியர். தன் தங்கையின் வாழ்வு அந்தக் கொடியில் இருப்பதால் அவர் கையை விடமாட்டார் என்றும் விளக்கினார். நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த காட்சி அது; அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இக்கண்காட்சியில் நேர்ந்த ஒரு குறையையும் பதிவு செய்கிறேன். நீர்வண்ண ஓவியங்களின் கீழே வரைந்தவர் பெயரை எழுதிய நாம், இவற்றின் கீழே “குறும்பர் ஓவியம்” என்று மட்டும் எழுதி வைத்தோம். மூத்த உறுப்பினர் ஒருவர் சுட்டிக்காட்டிய அன்றே, ஓவியரின் பெயரும் ஊரும் கொண்ட அட்டைகள் மாற்றி வைக்கப்பட்டன. இனி பெயரில்லாமல் எந்தப் படைப்பும் நம் சுவரில் ஏறாது.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் இளம் ஓவியர் ஒருவரின் கோட்டோவியங்களை வைத்தோம். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் எப்படிப் பெய்யும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வாரக்கணக்கில் சன்னல் திறக்காத கூடத்தில், கண்ணாடியோடு ஒட்டி நின்ற தாள்களில் பூஞ்சணம் பிடித்து, மூன்று ஓவியங்களில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. சட்டம் போடும்போது தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கவும், சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றுப் போக இடம் விடவும் நாம் சொல்லியிருக்க வேண்டும். அவருக்குச் செயற்குழு இழப்பீடு வழங்கியது என்றாலும், போன ஓவியம் போனதுதான். அவரிடம் இப்பேரவையின் முன் மீண்டும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

டிசம்பரில் இன்னொரு நீலகிரிப் பழங்குடியினரான கோத்தரின் மட்பாண்டங்கள் வருவதாக இருந்தது. அது அவர்களுடைய தெய்வமான கம்பட்டராயரின் திருவிழாக் காலம் என்பதால், அவர்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களைக் கேட்டுப் பெற்றார்கள். கோத்தரின் பெயரைத் தாங்கிய ஊரில் வாழும் நமக்கு, அவர்களின் பெண்கள் வனையும் பானையை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு அப்போதுதான் கிடைத்தது.

அதனால் டிசம்பர், ஜனவரியில், மற்றொரு பழங்குடியினரான தோடர்களின் பெண்கள் செய்யும் பூத்தையல் காட்சிக்கு வந்தது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை இது. வெள்ளைப் பருத்தித் துணியில், கீழே எந்த வரைவும் இல்லாமல், ஊடும் பாவுமாக ஓடும் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். தூரத்தில் நின்று பார்ப்பவர்கள் அதை நெய்த துணி என்றே நினைத்துவிடுகிறார்கள். தோடர்கள் போர்த்தும் பூத்தையல் போர்வையான பூத்துக்குளியைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்க வேண்டாம் என்று, மந்து எனப்படும் தோடர் குடியிருப்பிலிருந்து வந்த அம்மா ஒருவர் கேட்டுக்கொண்டார். மூங்கிலில் தொங்கவிட்டு இரு புறமும் பார்க்கச் செய்தோம். தையல் புடைத்து நிற்கும் பக்கத்தைப் பலரும் உள்பக்கம் என்று எண்ணினார்கள்; அதுவே மேற்பக்கம் என்று அந்த அம்மா திருப்பிக் காட்டினார்.

பெயர் அட்டைக் குறையைத் தவிர, இவ்வாண்டு தவறியவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. சுழற்சி அட்டவணையை நாம் மேசையில் வைத்துச் சுற்றுலாப் பருவத்தைக் கணக்கிட்டுப் போட்டோம். படைப்பவர்களின் தேன் பருவத்தையும் திருவிழாவையும் மழையையும் கேட்கவில்லை. ஆகவே, அட்டவணை இறுதியாகும் முன் செயற்குழுவினர் இருவர் அந்தந்த ஊருக்கும் மந்துக்கும் நேரில் சென்று கேட்டுவர வேண்டும் என்று முன்மொழிகிறேன். மழை மாதங்களில் தாள் ஓவியங்களைத் தவிர்த்து மட்பாண்டங்களை வைக்கலாம். வெயில் காலத்திலேயே சூளை வைத்து எடுத்துவிட்டால் அக்டோபருக்குத் தர முடியும் என்று வனைபவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் மிகுந்த சீசன் மாதங்கள் இதுவரை நீர்வண்ணத்துக்கே போயிருக்கின்றன. 2026 ஏப்ரல், மே மாதங்களைத் தோடர் பூத்தையலுக்குத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இழை எண்ணித் தைக்கும் வேலைக்கு மாதங்கள் பிடிக்கும் என்பதால், இன்றே முடிவெடுத்துச் சொன்னால்தான் அவர்களுக்கு நேரம் இருக்கும்.

இம்முன்மொழிவுகளோடு இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்