ஹீட்டர் போடாத ஊரிலும் கார்பன் மோனாக்சைடு வரும்

பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் பறக்கக் கற்றுத்தரும் பள்ளிகளின் பொறுப்பாளர்களுக்கும், இன்ஸ்ட்ரக்டர்களுக்கும், ஹாங்கரில் கையெழுத்துப் போடும் எஞ்சினியர்களுக்கும்,

வணக்கம்.

எஞ்சின் புகையில் வரும், மணமில்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு பற்றிப் பேச்சை எடுத்தாலே வெயில் ஊர்ப் பள்ளிகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “நாங்கள் ஹீட்டரைத் தொடுவதே இல்லையே.” அந்தப் பதிலுக்காகத்தான் இந்த மடல்.

பதிலில் பாதி நியாயம் உண்டு. செஸ்னா 172 போன்ற விமானங்களில் கேபின் ஹீட்டர் என்பது சைலன்சரைச் சுற்றிய ஒரு தகர உறை, அவ்வளவே. வெளிக்காற்று உறைக்கும் சைலன்சருக்கும் நடுவே ஓடிச் சூடாகி, ஒரு குழாய் வழியாக, எஞ்சின் அறையையும் கேபினையும் பிரிக்கும் தகடான ஃபயர்வாலைத் தாண்டி காலடிக்கு வருகிறது. சைலன்சரில் மயிரிழை விரிசல் விழுந்தால் எக்ஸாஸ்ட் வாயுவும் அதே குழாயில் சேர்ந்து வரும். 2017 பிப்ரவரியில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு மூனி விமானத்தின் விமானி நினைவிழந்தார். ஆட்டோபைலட் பெட்ரோல் தீரும்வரை விமானத்தை ஓட்டியது. பிறகு அது உறைபனி வயலில் தானாக இறங்கியது. அவர் பிழைத்தார். சைலன்சரில் விரிசல்கள் இருந்தன. அது குளிர்கால நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிடலாம்.

சிட்னியை அப்படி ஒதுக்க முடியாது. 2017 டிசம்பர் 31, அங்கே உச்சக் கோடை. ஒரு பீவர் கடல் விமானம் காட்டேஜ் பாயிண்டிலிருந்து கிளம்பிச் சில நிமிடங்களில் ஜெருசலேம் பே என்ற குறுகலான நீர்ப்பகுதிக்குள் திரும்பி, செங்குத்தாகச் சாய்ந்து விழுந்தது. விமானியும் ஐந்து பயணிகளும் இறந்தார்கள். அனுபவசாலியான விமானி வழக்கமான பாதையை விட்டு மலைகள் சூழ்ந்த அந்த முட்டுச்சந்துக்குள் ஏன் போனார் என்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் புரியவில்லை. 2020-ல் ஒரு மருத்துவ நிபுணர் சொன்ன பிறகே, சேமித்து வைத்திருந்த ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடைத் தேடிப் பார்த்தார்கள். விமானியின் ஹீமோகுளோபினில் 11 சதவீதத்தை அது பிடித்திருந்தது.

வாயு வந்த வழியைப் பாருங்கள். எஞ்சினின் எக்ஸாஸ்ட் வளையத்தில் விரிசல். அதிலிருந்து கசிந்தது எஞ்சின் அறையிலேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் ஃபயர்வாலில், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவைப் பார்ப்பதற்கான மூடிகளில் மூன்று போல்ட்டுகள் இல்லை. இருந்தவையும் தேய்ந்தவை, சில அந்த இடத்துக்கு உரியவையே அல்ல. அந்த ஓட்டைகள் போதுமானதாக இருந்தன. பயணிகள் ஏறுவதற்கு முன் விமானி கதவை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு 27 நிமிடம் டாக்ஸி செய்திருந்தார், அதாவது பறக்காமல் நீரில் மெதுவாக ஓட்டியிருந்தார். அது நிலைமையை மோசமாக்கியிருக்கலாம் என்றது ஆஸ்திரேலிய விசாரணை அமைப்பு. காற்றுக்காகத்தான் நாமும் கதவைத் திறந்து வைக்கிறோம். ப்ரொப்பெல்லர் காற்று எக்ஸாஸ்டை விமானத்தின் பக்கவாட்டோடு பின்னால் தள்ளுகிறது. பின்காற்றில் நிற்கும்போது அதே புகை திரும்பித் திறந்த கதவுக்குள் நுழைகிறது.

பயிற்சிப் பள்ளியின் அன்றாட வேலையே இந்த வாயுவுக்குத் தோதானது. காற்றோடு பெட்ரோல் அதிகமாகக் கலந்த ரிச் மிக்ஸ்சரில்தான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும். ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கும் சர்க்யூட் பயிற்சி பெரும்பாலும் ஃபுல் ரிச்சில் நடக்கிறது. மூக்கைத் தூக்கி மெதுவாக ஏறும்போது, அடிவயிற்றோடு ஓடும் புகை கேபினின் கசிவுகள் வழியே உள்ளே இழுபடும். மாணவர் ஒரு மணி நேரத்தில் இறங்கிப் போய்விடுவார். இன்ஸ்ட்ரக்டர் அதே விமானத்தில் அடுத்தவரோடு ஏறுவார். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். காலை ஏழு மணிக்குச் சேர்ந்தது பதினொரு மணிக்கும் பாதி மிச்சம் இருக்கும், அதன்மேல் புதியதும் ஏறும். மதியத் தலைவலியை வெயில் தலையில் கட்டிவிடுவது நமக்குச் சுலபம்.

இனி ஹாங்கர் வேலை. 100 மணி நேரம் பறந்ததும் செய்யும் ஆய்வில் எக்ஸாஸ்டை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு டிக் போடுவது போதாது. தகர உறையைக் கழற்றாமல் சைலன்சரைப் பார்த்ததாக எழுதக் கூடாது. விரிசல் பெரும்பாலும் அந்த உறைக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். வெல்டிங் ஓரங்கள், குழாய் குழாயோடு சேரும் நழுவு இணைப்புகள், சிலிண்டர் வாயிலுள்ள கேஸ்கெட்டுகள், தளர்ந்த நட்டுகள் எல்லாவற்றையும் கழுவுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். கசிவு இருந்தால் சாம்பலோ வெள்ளையோ கறுப்போ ஒரு கோடு அங்கிருந்து விசிறிபோலப் படிந்திருக்கும். பளிச்சென்று துடைத்த பிறகு சாட்சி அழிந்துவிடும்.

பிறகு காற்றழுத்தச் சோதனை. வாக்குவம் கிளீனரின் ஊதும் வாயை எக்ஸாஸ்ட் குழாய்க்குள் செருகி, சுற்றித் துணியால் அடைத்து, இணைப்புகள் மீது சோப்புத் தண்ணீர் அடியுங்கள். வீட்டில் கேஸ் சிலிண்டரை மாற்றியதும் செய்யும் அதே வேலைதான். சில கசிவுகளைத் தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும், நழுவு இணைப்பில் கொஞ்சம் நுரை வரலாம். சைலன்சர் உடம்பிலோ வெல்டிங்கிலோ ஒரு குமிழிகூட வரக் கூடாது. கம்ப்ரஸர் காற்றை நேராகத் திறந்துவிடாதீர்கள். விரிசலைக் குறிக்கப் பென்சில் வேண்டவே வேண்டாம்: அதன் கரி சூட்டில் உலோகத்துக்குள் இறங்கி அடுத்த விரிசலுக்கு அதே இடத்தில் விதை போடும். ஜிங்க் பூசிய கருவிகளும் அப்படியே. 1,000 மணி நேரம் ஓடிய சைலன்சரை, தயாரிப்பாளர் வேறு சொல்லாவிட்டால், மாற்றிவிடும்படி அமெரிக்காவின் விமானக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்ஏஏ பரிந்துரைத்திருக்கிறது. பள்ளி விமானம் அந்தக் கணக்கை வெகு சீக்கிரம் எட்டிவிடும்.

வெயில் ஊருக்கு அடுத்த வேலையே முக்கியம். ஃபயர்வாலில் த்ராட்டில், மிக்ஸ்சர் கேபிள்களும் வயர் கட்டுகளும் நுழையும் ஒவ்வொரு துளையிலும் ஒரு ரப்பர் வளையமோ சீலண்டோ இருக்கும். சூட்டில் ரப்பர் கல்லாகி வெடிக்கும். பழைய ரேடியோவைக் கழற்றியபோது விட்ட துளையை அடைக்க மறந்திருப்பார்கள். மாலை இருட்டியதும் ஹாங்கர் விளக்கை அணைத்து, எஞ்சின் பக்கம் பிரகாசமான விளக்கு ஒன்றை வைத்துவிட்டு, ஒருவர் பெடல்களுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பார்க்கட்டும். வெளிச்சம் வரும் இடத்தில் வாயுவும் வரும். கதவு ரப்பர், அடிவயிற்று மூடிகள், வால் பக்கத் திறப்புகளையும் அப்போதே பார்த்துவிடலாம். போல்ட் கிடைக்கவில்லை என்றால் விமானம் நிற்கட்டும். கையில் கிடைத்த போல்ட் அந்த இடத்துக்குச் சொந்தமல்ல.

இத்தனை செய்தாலும் விரிசல் இரண்டு ஆய்வுகளுக்கு நடுவே விழும். ஆகவே கருவி வேண்டும். டாஷ்போர்டில் ஒட்டும், இந்த வாயு பட்டால் பொட்டு கறுக்கும் அட்டையை நாங்கள் கருவி என்று எண்ணுவதில்லை. வெயில் பட்டால் நிறம் மங்கும், பாக்கெட்டைத் திறந்த சில மாதங்களில் காலாவதியாகும். எல்லாவற்றுக்கும் மேல், மயங்கிக்கொண்டிருப்பவர் அதைத் தானாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். 1982 முதல் 2020 வரை கார்பன் மோனாக்சைடால் நேர்ந்த 31 விபத்துகளை அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி எண்ணியது. 23-ல் உயிரிழப்பு, 42 பேர் இறந்தார்கள். அந்த 31-ல் ஒரே ஒரு விமானத்தில்தான் கருவி இருந்தது, அதுவும் கூப்பிட்டு எச்சரிக்கும் வகை அல்ல. 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா இறந்த பைப்பர் மாலிபுவிலும் அப்படி எச்சரிக்கும் கருவி இல்லை. அவர் ஹீமோகுளோபினில் 58 சதவீதத்தை வாயு பிடித்திருந்தது. பிரிட்டனில், விமானித் தகுதியில்லாத பயணியோடு பறக்கும் பிஸ்டன் விமானங்களில் ஒலியாலோ ஒளியாலோ எச்சரிக்கும் கருவி 2025 ஜனவரி 1 முதல் கட்டாயம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது இது. பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பதையே பிபிஎம் என்கிறோம். ஐரோப்பியத் தரத்தில் செய்த வீட்டுக் கருவிகள் 50 பிபிஎம்-ல் ஒரு மணி நேரம் பொறுத்த பிறகே அலறும். 300-ஐத் தொட்டால்தான் மூன்று நிமிடத்துக்குள் கூப்பிடும். வீட்டுக்கு அது சரி. விமானத்துக்கு எண்ணை உடனுக்குடன் திரையில் காட்டும் கருவியாக வாங்குங்கள். ஹெட்செட்டில் காது அடைத்திருக்கும் என்பதால் விளக்கும் மின்ன வேண்டும். சென்சாரின் காலாவதித் தேதியை விமானத்தின் பராமரிப்பு அட்டவணையில் ஏற்றுங்கள். டாக்ஸியில் சில நொடி எண் ஏறி இறங்கலாம். பறக்கும்போது 50-ஐத் தொட்டு நின்றால் பயிற்சி அத்தோடு முடிந்தது.

அப்போது செய்ய வேண்டியதை மாணவருக்கு முதல் வாரமே பழக்குங்கள். ஹீட்டரை மூடு. வெளிக்காற்றுத் துவாரங்களை முழுக்கத் திற. கையேடு அனுமதித்தால் ஜன்னலையும். ஆக்ஸிஜன் இருந்தால் மாட்டிக்கொள். கையேடு இடம் கொடுக்கும் அளவு மிக்ஸ்சரில் பெட்ரோலைக் குறைத்து மெலிதாக்கு. கண்ட்ரோலிடம் காரணத்தைச் சொல்லி அருகிலுள்ள ஓடுபாதையில் இறங்கு. தலை தெளிந்ததும் “சரியாகிவிட்டது” என்று தோன்றும். அந்தத் தீர்ப்பைச் சொல்வதும் அதே மூளைதான்.

விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மானியை நம்பவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினை (கார்பாக்ஸிஹீமோகுளோபின்) அது ஆக்ஸிஜன் பிடித்ததாகவே எண்ணி 98 காட்டும். ஆஸ்பத்திரியிலும் பலர் அதைத்தான் முதலில் மாட்டுவார்கள், பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முகமூடியில் ஆக்ஸிஜன் கொடுத்தால் ரத்தத்திலுள்ளது ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். ஆக்ஸிஜனைத் தாமதிக்கக் கூடாது, ஆனால் சோதனைக்கான ரத்தத்தையும் உடனே எடுத்துவிட வேண்டும். எனவே செக்லிஸ்ட்டின் பின்பக்கம் இந்த இரண்டு வரியை ஒட்டிவையுங்கள்: “விமான எக்ஸாஸ்ட் வாயுவைச் சுவாசித்திருக்கிறேன். ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் அளவு பார்த்து, எடுத்த நேரத்தைக் குறியுங்கள்.”

இப்படிக்கு,
சிறு விமானப் பராமரிப்பிலும் பயிற்சியிலும் இருக்கும் சிலர்