குழாய்த் தொழிலும் குளிர்பதனத் தொழிலும் கடைசிப் புகலிடம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளியிறுதித் தேர்வு முடிவுகளையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்டுவந்த மேற்படிப்பு வழிகாட்டிக் கட்டுரைகளை ஒன்று விடாமல் படித்தேன். மருத்துவம், பொறியியல், கணினி, சட்டம், கணக்கியல் என ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்த அத்தொடரின் இறுதியில், மதிப்பெண் குறைந்த மாணவர்கள் பிளம்பிங், ஏசி மெக்கானிக் போன்ற குறுகிய காலப் பயிற்சிகளில் சேர்ந்து பிழைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம் வந்திருந்தது. குளிர்பதனத் தொழிலில் 26 ஆண்டுகளாக இருப்பவனாகவும், அவற்றில் கடைசி 11 ஆண்டுகளை இளைஞர்களுக்கு அத்தொழிலைக் கற்றுக்கொடுப்பதில் செலவிட்டவனாகவும், அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முதலில் மதிப்பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். சென்ற ஆண்டு என்னிடம் சேர்ந்த மாணவன் ஒருவன், தனக்குக் கணக்கு வராது என்று முதல் நாளே சொல்லிவிட்டான். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள், ஓடிக்கொண்டிருந்த ஏசி எந்திரத்தில் கேஜை, அதாவது அழுத்தமானியைப் பொருத்தி, அது காட்டிய அழுத்தத்துக்கு நேராக அட்டவணையில் இருந்த வெப்பநிலையைப் பார்த்து, உள்ளே குளிர்பதனப் பொருள் (பேச்சுவழக்கில் கேஸ்) 5 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது என்று எழுதிக்கொண்டான். அந்தப் பொருளை ஆவிநிலையில் அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாயில் வெப்பமானியைக் கட்டிப் பார்த்தபோது 12 டிகிரி இருந்தது. இடைப்பட்ட அந்த 7 டிகிரியைத்தான் நாங்கள் சூப்பர்ஹீட் என்கிறோம். அறைக் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான கூலிங் காயிலைக் கடப்பதற்குள் திரவம் முழுவதும் ஆவியாகிவிட்டது, கம்ப்ரசருக்குள் திரவம் புகுந்து அதை உடைக்கப்போவதில்லை என்பதற்கு அந்த எண்ணே சான்று. அது ஒன்று இரண்டுக்கு இறங்கினால் ஆபத்து. இருபதைத் தாண்டினால் காயிலுக்குப் போதிய குளிர்பதனப் பொருள் வரவில்லை, அதற்குக் கசிவு காரணமா, அடைப்பு காரணமா என்று அடுத்ததாகத் தேட வேண்டும். இவ்வளவையும் கணக்கு வராது என்று சொன்ன அதே பையன், பேப்பரும் பேனாவுமாக நின்று எனக்கு விளக்கினான். தேர்வுத்தாளில் அவனுக்கு விளங்காத கழித்தலும் விகிதமும், ஒரு குழாயைத் தொட்டுப் பார்த்தபோது விளங்கிவிட்டன. அதே சமயம், கணக்கையும் இயற்பியலையும் விரும்பிப் படித்து நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர்களுக்கும் இத்தொழிலில் வேலை நிறையவே இருக்கிறது. அவர்கள் இந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பதற்கு, தங்கள் கட்டுரையில் வந்தது போன்ற வாக்கியங்களே பெரும் காரணம் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது ‘குறுகிய காலம்’ என்ற சொல். கேஸ் நிரப்ப ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிடலாம் என்பது உண்மை. பல இடங்களில் அதை மட்டுமே கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை. எங்கள் தொழிலுக்கு ஏற்பட்ட கெட்ட பெயருக்கு அதுவே மூலம். ‘கேஸ் குறைந்துவிட்டது, நிரப்பினால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால், எங்கே கசிகிறது என்று வாசகர்கள் கேட்க வேண்டும். மூடிய குழாய்ச் சுற்றுக்குள் சுற்றிச்சுற்றி வரும் அந்தப் பொருள், வண்டிக்கு ஊற்றும் எரிபொருளைப் போலத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

அந்த ஓட்டை பெரும்பாலும் காப்பர் குழாயின் வாயை விரித்து இணைக்கும் ஃப்ளேர் இணைப்பில்தான் இருக்கும். குழாயை வெட்டியதும் விளிம்பில் நிற்கும் பிசிறை வழிக்க வேண்டும். தூள் உள்ளே விழாதபடி வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு வழிக்க வேண்டும். பிறகு வாயை விரித்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, குறித்த அளவு மட்டுமே முறுக்க வேண்டும். கூட முறுக்கினால் விளிம்பு நசுங்கிவிடும். அதன்பின் நைட்ரஜனை ஏற்றிக் கசிவு பார்த்து, வேக்யூம் பம்பைப் போட்டு 500 மைக்ரானுக்குக் கீழே, அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இறக்கி, பம்பை நிறுத்திய பிறகும் முள் ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருக்க வேண்டும். நான் தொழில் பழகிய காலத்தில் இந்தக் காத்திருப்பை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளினால் போதும் என்றார் என் மேஸ்திரி, நானும் அப்படியே செய்தேன். உள்ளே தங்கிய ஈரம் எண்ணெயுடன் சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரசர் மோட்டாரின் மின்கம்பிச் சுருளை மெல்ல அரித்தது. எட்டு மாதம் கழித்துக் கருகிப்போன ஒரு கம்ப்ரசரை அறுத்துப் பார்த்த நாளில்தான், அது என் கையால் நேர்ந்த பிழை என்று எனக்குத் தெரிந்தது. இவற்றையெல்லாம் கை பழகும் வரை செய்து முடிக்க ஓர் இளைஞருக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் தேவைப்படுகின்றன. அதன் பிறகும் கற்பது நிற்பதில்லை. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையும், புவி வெப்பமாதலைக் கருதி 2016-இல் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் எங்கள் கைகளில் இருக்கும் சிலிண்டர்களையே மாற்றிவிட்டன. ஆர்-22 என்ற கேஸ் போய் ஆர்-410ஏ வந்தது. கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு வெப்பமூட்டும் தன்மை கொண்டதால் அதுவும் இப்போது பின்தள்ளப்பட்டு, 675 மடங்கு கொண்ட ஆர்-32 வந்திருக்கிறது. ஆனால் அது மெல்லத் தீப்பற்றக்கூடியது. சிறிய எந்திரங்களுக்கு வரும் ஆர்-290 என்பதோ புரோப்பேனேதான். பழைய பழக்கத்தில், சுற்றுக்குள் கேஸ் இருக்கும்போதே குழாயைப் பற்றவைக்கும் தீச்சுடரான டார்ச்சைக் கொளுத்தும் மெக்கானிக்கின் உயிருக்கு இனி உத்தரவாதம் இல்லை.

பிளம்பிங் தொழிலைச் சொல்லும்போது குழாய் மாட்டுவது என்று சுருக்கிவிடுகிறோம். கைகழுவும் தொட்டிக்கு அடியில் வளைந்து நிற்கும் டிராப்பில் இருக்கும் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் தண்ணீர்தான், கழிவுநீர்க் குழாயின் நச்சுக் காற்றையும் கிருமிகளையும் வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்குச் சார்ஸ் என்ற கடும் சுவாச நோய் பரவியபோது, தரையிலிருந்த டிராப்புகளில் தண்ணீர் காய்ந்துபோயிருந்தது முக்கியக் காரணங்களுள் ஒன்றாக விசாரணையில் கூறப்பட்டது. வெந்நீர் அமைப்புகளிலும் அப்படியே. வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி பெருகும் என்பதால், சேமிப்புத் தொட்டியை 60 டிகிரியில் வைத்து, குழாய்முனையில் தோல் வெந்துவிடாதபடி கலந்துவிடும் வால்வைப் பொருத்தத் தெரிந்தவர், மருத்துவமனைக்கு மருத்துவரைப் போலவே தேவைப்படுகிறார்.

இத்தொழிலில் ஏறிப்போகும் படிகளைப் பற்றியும் தங்கள் கட்டுரையில் ஒன்றும் இல்லை. ஹெல்பராகத் தொடங்கியவர் தனியாக வேலை பார்க்கும் மெக்கானிக் ஆகிறார். அங்கிருந்து சிலர் பெரிய கட்டடங்களைக் குளிர்விக்க நீரைக் குளிரவைக்கும் சில்லர் எந்திரங்களுக்குப் போகிறார்கள். சிலர் அம்மோனியாவில் இயங்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்கும், கப்பல்களுக்கும், தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் காக்கும் குளிர்சங்கிலிக்கும் போகிறார்கள். கட்டுப்பாட்டுக் கருவிகள், புதிய கட்டடங்களில் காற்றையும் நீரையும் அளந்து சமன்செய்தல், வரைபடம், மதிப்பீடு, ஆய்வு, கற்பித்தல், சொந்த ஒப்பந்தத் தொழில் எனப் பல வழிகள் பிரிகின்றன. சர்வதேச எரிசக்தி முகமை 2018-இல் வெளியிட்ட கணிப்பின்படி, அப்போது உலகில் இருந்த 160 கோடி ஏசிகள் 2050-இல் 560 கோடியாகக்கூடும். அவற்றைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும், ஆயுள் முடிந்தபின் உள்ளிருக்கும் வாயுவைக் காற்றில் விடாமல் மீட்டெடுக்கவும் மனிதக் கைகள் வேண்டும்.

சிரமங்களை மறைக்க நான் விரும்பவில்லை. வெயில் கொதிக்கும் மொட்டைமாடியிலும், நிமிர முடியாத மேற்கூரை இடுக்கிலும் வேலை இருக்கும். நாற்பது வயதில் முழங்கால் பேசத் தொடங்கிவிடும். வெப்பம் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் இரவும் அழைப்பு வரும். பெண்களால் முடியாது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். என்னிடம் பயின்ற இரண்டு பெண்கள் போட்ட பிரேசிங் இணைப்புகளை, அதாவது உலோகத்தை உருக்கிக் குழாய்களை ஒட்டும் இணைப்புகளை, இன்றும் மாதிரியாக எடுத்துக் காட்டுகிறேன்.

பயிற்சி நிலையங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று தாங்கள் எழுதினால் பெற்றோருக்குப் பேருதவியாக இருக்கும். ஒவ்வொரு மாணவரும் தன் கையால் எத்தனை இணைப்புகளை பிரேசிங் செய்கிறார், வாயுவை மீட்கும் எந்திரம் அங்கே உண்டா, மின் பாதுகாப்புக்கு எத்தனை நாள் ஒதுக்குகிறார்கள், பயிற்சி முடிந்தபின் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவருடன் வேலைக்கு அனுப்புகிறார்களா என்று கேட்டாலே, சான்றிதழை மட்டும் விற்கும் இடங்கள் தாமாகத் தெரிந்துவிடும்.

வரும் ஆண்டின் தொடரில் இத்தொழில்களுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குமாறும், ‘மதிப்பெண் குறைந்தவர்கள்’ என்ற அடைமொழியை நீக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அக்கட்டுரையை எழுதவிருக்கும் செய்தியாளர் எங்கள் பட்டறைக்கு அரை நாள் வந்தால், மாணவர்களுடன் நின்று தாமே ஒரு ஃப்ளேர் இணைப்பைப் போட்டு, நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரையில் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
குளிர்பதனத் தொழில் பயிற்றுநரான தங்கள் வாசகர் ஒருவர்