பாலைவனத்தில் சின்னப் பறவைகளைப் படமெடுக்க உதவியவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களே,

வலசைக் குருவிகளின் படங்களைப் பார்த்துவிட்டுப் பலரும் மனதார வாழ்த்தினீர்கள். அந்த வாழ்த்தில் பெரும்பங்கு வேறு சிலருக்குச் சேர வேண்டியது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் வழிகாட்டி ஐயாவுக்கு. "நிழல் இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன், பறவை தானே வந்து சேரும்" என்றார். சின்னப் பாடும் பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் பறக்கின்றன. விடியும் நேரத்தில் கண்ணில் படும் புதரில் இறங்கிவிடும். அவர் எங்களை உட்காரவைத்தது வறண்ட ஓடையில் தனியாக நின்ற ஒரு வேலமரத்தடியில். வெளிச்சம் வந்தபோது அந்த ஒரே மரத்தில் கதிர்க்குருவிகளும் ஒரு கீச்சானும் இருந்தன. இருட்டோடு வந்து அசையாமல் உட்கார்ந்திருந்ததால்தான் அவை எங்களைச் சட்டைசெய்யவில்லை.

பறவைகளை வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விடுவிக்கும் வளையமிடும் குழுவினருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. வலையிலிருந்து எடுத்த குருவியை உள்ளங்கையில் மல்லாத்தி, வயிற்று இறகை மெல்ல ஊதி விலக்கிக் காட்டினீர்கள். மெல்லிய தோலுக்கு அடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தது. பாலைவனத்தைத் தாண்ட அதற்கு இருக்கும் எரிபொருள் அவ்வளவுதான். பத்து கிராம்கூட இல்லாத குருவி, புறப்படும் முன் தின்று தின்று ஏறக்குறைய இரு மடங்கு எடைகூட ஏறிவிடும் என்றீர்கள். அடுத்து எடுத்த குருவியிடம் கொழுப்பே இல்லை, மார்பெலும்பு கத்தி முனையாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபின் எந்தப் பறவையையும் கிளப்பிவிட்டுப் படமெடுக்க மனம் வராது. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைக்கக் கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகச் சொன்னது முழுக்க நியாயம். இரை தேடும் நேரத்தைப் பொய்க்குரலுக்குப் பறிகொடுக்க அதனால் முடியாது.

கல்மேல் நின்ற வீட்டியர் (Wheatear) என்னும் சின்னப் பறவையைக் காட்டி நீங்கள் சொன்ன கதையும் மறக்காது. அலாஸ்காவில் குஞ்சு பொரிக்கும் வீட்டியர்கள் ஆசியாவையும் அரேபியப் பாலைவனத்தையும் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா போகின்றன, ஒரு வழிக்கே சுமார் 14,500 கிலோமீட்டர். ஒளியைப் பதியும் சிறு கருவியைக் கட்டி அனுப்பிக் கண்டுபிடித்து, 2012-இல் வெளியிட்டார்கள். பறவையின் எடை 25 கிராம்தான்!

தன் 500 எம்எம் லென்ஸை நம்பிக் கொடுத்த தோழிக்கு அன்பு. தரையோடு தரையாகப் படுக்கச் சொன்னதும் அவள்தான். மணலில் பட்டுத் திரும்பும் காலை வெயில் பறவையின் வயிற்றுப்புறத்துக்கு வெளிச்சம் தருகிறது, அங்கே நிழல் கருப்பாக விழுவதே இல்லை. ஆனால் அது கொஞ்ச நேரம்தான். வெயில் ஏறியதும் தரையிலிருந்து கானல் எழும். அப்புறம் எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் இறகு இழைகள் குழம்பித்தான் பதியும். கேமராவை மூடிவைக்கும் நேரத்தையும் சொல்லிக்கொடுத்தாள்.

ஓட்டுநர் அண்ணா, புதரைக் கண்டதும் தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருளவிட்டீர்களே, அந்தக் கைப்பக்குவத்துக்கு வணக்கம். ஜன்னலில் மணல்மூட்டையை வைத்து எடுத்த படங்கள்தான் தொகுப்பில் பாதி.

எல்லாப் படங்களையும் தேதியோடும் இடத்தோடும் வளையமிடும் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். கால் வளையத்தில் எண் படிக்கும்படி தெரியும் படங்களைத் தனியாக வைத்திருக்கிறேன். ஆய்வுக்கோ பாடத்துக்கோ வேண்டுமென்றால் தாராளமாகக் கேளுங்கள், தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்