நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை: வழிநெடுகக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

நார்த்தாமலை, சித்தன்னவாசல், அன்னவாசல், குடுமியான்மலை ஊர்க்காரர்களுக்கு வணக்கம்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்களும் பள்ளிப் பிள்ளைகளுமாக ஒரு கூட்டம் உங்கள் ஊர் வழியாகச் சைக்கிளில் போனதே, அது நாங்கள்தான். புதுக்கோட்டையில் கிளம்பி, திருச்சி சாலையில் நார்த்தாமலை, அங்கிருந்து குறுக்கே சித்தன்னவாசல், அப்புறம் அன்னவாசல், குடுமியான்மலை என்று சுற்றி, பொழுது சாய்வதற்குள் மறுபடி புதுக்கோட்டை. மொத்தம் 60 கிலோமீட்டரை ஒட்டி வரும். எங்களில் பல பேர் அதற்கு முன் கடைவீதியைத் தாண்டிச் சைக்கிளில் போனதில்லை. பிள்ளைகள் ஓட்டி வந்ததோ பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள்கள். ஆனாலும் ஒருவரும் பாதியில் பஸ் ஏறவில்லை. அதற்குக் காரணம் நீங்கள். அன்று அவசரத்தில் சொன்ன நன்றி போதாது என்று எங்கள் எல்லோருக்குமே தோன்றியது.

முதலில், டாடா ஏஸ் ஓட்டி வந்த தம்பி. இந்தச் சுற்றில் பயமான பகுதி என்றால் ஆரம்பத்தில் வரும் நெடுஞ்சாலைதான். லாரியும் பஸ்ஸும் பெருகுவதற்குள் நார்த்தாமலைப் பிரிவில் திரும்பிவிட வேண்டும் என்றுதான் விடியும் முன்பே கிளம்பினோம். இருட்டில் எங்களைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலேயே இரண்டு பக்க விளக்கையும் மினுக்கவிட்டு எங்கள் பின்னாலேயே மெல்ல வந்தீர்கள். பிரிவு வந்ததும் ஹாரனை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். பெயர்கூடக் கேட்க முடியவில்லை, தம்பி. சரக்கு இறக்கத் தாமதமாகி யாரிடமும் பேச்சு வாங்கவில்லை என்று நம்புகிறோம்.

பிரிவுக்கு அப்புறம் செம்மண்ணும் தைலமரக் காடும் தண்ணீர் நிறைந்த கண்மாயும்தான். கரை ஓரமாக ஜல்லிக்கட்டுக் காளைகளை நடத்திக்கொண்டு வந்த அண்ணன்மார், எங்கள் கூட்டத்தைக் கண்டதும் மாடு மிரளாதபடி கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, கீழே இறங்கி நின்று வழிவிட்டார்கள். அவர்களுக்கும் நன்றி.

நார்த்தாமலையில் மேலமலை ஏற வேண்டும், சைக்கிள்களை எங்கே விடுவது என்று நின்றபோது ஓர் அப்பத்தா தன் வாசலைக் காட்டினார். "பூட்டெல்லாம் எதுக்குத்தா, நான் இங்கனதான இருப்பேன்" என்றார். இறங்கி வந்தபோது எல்லாச் சைக்கிளும் நிழலுக்கு மாறியிருந்தன. அத்தனையையும் ஒண்டியாகத் தள்ளி வைத்திருக்கிறார். மோர் வேறு கரைத்து வைத்திருந்தார்.

எங்களோடு பாறை ஏறி வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலமலை மேல் இருக்கும் விஜயாலய சோழீச்சரம் 9ஆம் நூற்றாண்டுக் கோயில். வெளியிலிருந்து பார்த்தால் சதுரம், உள்ளே கருவறை வட்டம். எதிரே இருக்கும் குடைவரையில் ஆளுயரத்தில் வரிசையாக 12 திருமால்கள். இதையெல்லாம் நாங்களே பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் வாயிற்காவலர் சிற்பத்தின் கீழே இருக்கும் சின்னக் கல்வெட்டை ஐயா காட்டியிராவிட்டால் கவனித்தே இருக்க மாட்டோம். சாத்தன் பூதி என்னும் முத்தரையர் குலத் தலைவர் இந்தக் கல் கோயிலை எடுத்ததும், அது மழையில் இடிந்து போனதும், மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்ததும் அதில் இருக்கிறது. கல்லில் விரல் படாமல், காற்றிலேயே ஒவ்வோர் எழுத்தாகப் பிள்ளைகளை எழுத வைத்து வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். பழைய 'ம'வை அடையாளம் கண்டதும் ஒரு பெண் போட்ட கூச்சலில் மலையே அதிர்ந்தது. ஐயா, அந்தப் பெண் இப்போது எந்தக் கோயிலுக்குப் போனாலும் முதலில் அடித்தளத்தில் எழுத்து இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறாள்.

சித்தன்னவாசலில் எங்களுக்குக் கிடைத்த காவலர் அண்ணனுக்கு இந்த மடலில் பெரிய பங்கு உண்டு. கூட்டமாக உள்ளே விடாமல் சிலர் சிலராகத்தான் அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரைக்குள் அனுப்பினார். சிலருக்கு அப்போது முகம் சுருங்கியது. உள்ளே போனதும் புரிந்தது. "மேலே பார்க்காதீங்க, முதல்ல கண்ணு பழகட்டும்" என்று சொல்லி நிற்க வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுக்கத் தாமரைக் குளம். யானை, எருமை, மீன், அன்னம், பூப்பறிக்கும் ஆட்கள். சட்டென்று நுழைந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தால் கறை படிந்த கூரை என்றுதான் நினைத்திருப்போம். நம் பிள்ளைகள் கண்ணில் முதலில் பட்டது எருமைதான். அப்புறம் கருவறைக்குள் நின்று அவர் மெல்ல 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கொடுத்தார். ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாமல் எங்களைச் சுற்றிக்கொண்டது. ஒவ்வொருவராகச் செய்து பார்க்கும்வரை பொறுமையாக இருந்தார். 9ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இந்தக் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று கல்வெட்டைக் காட்டிச் சொன்னதும் அவரே. மலையின் மறுபக்கம் ஏழடிப்பட்டம் என்னும் குகையில் சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகளுக்குக் கம்பியைப் பிடித்துப் போகும்போது, உயரம் கண்டு பயந்த ஒரு தாயை முன்னால் நின்று பேச்சுக் கொடுத்தே அழைத்துப் போய்ப் பத்திரமாகத் திரும்பக் கூட்டி வந்தார். அந்தப் பாறை அருகே வாழ்ந்தவர்கள் விட்டுப்போன தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துகளை அந்தத் தாய் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்.

அன்னவாசல் போகும் வழியில் சீமைக்கருவேல முள் தன் வேலையைக் காட்டியது. ஒரே இடத்தில் இரண்டு சைக்கிளுக்குப் பஞ்சர். ஞாயிற்றுக்கிழமை அடைத்திருந்த கடையை எங்களுக்காகத் திறந்த அண்ணனுக்கு நன்றி. முதல் டியூபை அவர் ஒட்டினார். ஒட்டி முடித்ததும் உடனே மாட்டிவிடவில்லை. டயரின் உட்பக்கம் கட்டைவிரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, நகத்தால் நெருடி, ஒடிந்து உள்ளே தங்கியிருந்த முள்நுனியை எடுத்துக் காட்டினார். "இத எடுக்காம மாட்டினா அடுத்த ஊர்ல மறுபடி உட்காருவீங்க." இரண்டாவதை எங்கள் பிள்ளைகளில் ஒருத்தியையே செய்யச் சொன்னார். தண்ணீர்ச் சட்டியில் முக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிப்பது, உப்புத்தாளால் தேய்ப்பது, சொல்யூஷன் தடவி அது காயும்வரை காத்திருப்பது எல்லாம் அவளே செய்தாள். காசும் முதல் பஞ்சருக்கு மட்டும்தான் வாங்கினார். இரண்டாவது அவள் வேலையாம். அவள் ஒட்டிய ஒட்டு இன்றுவரை காற்று இறங்காமல் நிற்கிறது, அண்ணா.

குடுமியான்மலை போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். நடை சாத்தும் நேரம் தாண்டியும் எங்களுக்காகக் காத்திருந்த குருக்கள் ஐயாவுக்கு வணக்கமும் நன்றியும். மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளையும் அன்னத்தின் மேல் அமர்ந்த ரதியையும் காட்டிவிட்டு, குடைவரை பக்கத்துப் பாறையிலுள்ள இசைக் கல்வெட்டுக்கு அழைத்துப் போனார். 7ஆம் நூற்றாண்டு என்று கணிக்கப்படும் சுர வரிசைகள், கிரந்த எழுத்தில். சுரங்கள் நான்கு நான்காகத் தொகுத்து, ச, சி, சு, செ என்று உயிர்மாறி வருகின்றன. கடைசி வரி மட்டும் தமிழில்: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய." எங்களில் வீணை கற்கும் பெண் ஒருத்தி ஐயா சொல்லச் சொல்ல ஒரு வரியை மெல்லப் பாடிப் பார்த்தாள்.

இனி, அந்த ஊர் அக்காவுக்கு வருகிறேன். கோயில் வாசலில் எங்கள் சைக்கிள்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். கல் குவாரியில் வேலை பார்த்தவர். அறிவொளி காலத்தில் சைக்கிள் கற்றவர். அதைத் தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1991இல் புதுக்கோட்டை ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். வீட்டுப் படி தாண்டாத பெண்கள் பொட்டலிலும் கண்மாய்க் கரையிலும் விழுந்து எழுந்து கற்றார்கள். 1992இல் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஊரறிய ஓட்டிக் காட்டினார்கள். பலர் விரும்பியது ஆண்கள் சைக்கிளைத்தான். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாமே! யாரும் ஏதும் கேட்காமல் எங்களால் இந்தச் சாலைகளில் ஓட்ட முடிகிறதென்றால், அன்று ஊர்ப்பேச்சையெல்லாம் தாங்கிக்கொண்டு முதலில் ஓட்டிய உங்களால்தான், அக்கா.

அக்கா அதோடு விடவில்லை. வீட்டிலிருந்து தன் பழைய கம்பி வைத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்களோடு புதுக்கோட்டைச் சாலையில் வெகுதூரம் வந்தார். எதிர்க்காற்றில் பிள்ளைகள் சோர்ந்தபோது, "ஒருத்தி பின்னால ஒருத்தி வாங்க. முன்னாடி போறவ முதுகப் பாத்து மிதிங்க" என்று வரிசைப்படுத்தினார். முதலில் அவரே போனார். சேலையைச் செருகிக்கொண்டு அவர் மிதித்த வேகத்துக்கு நாங்கள் திணறித்தான் போனோம்.

அடுத்தது கொடும்பாளூர் என்று முடிவு செய்திருக்கிறோம். 10ஆம் நூற்றாண்டில் வேளிர் தலைவர் பூதி விக்கிரமகேசரி எடுத்த மூவர் கோயிலில், மூன்றில் இன்று நிற்கும் இரண்டையும் சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும். லாரி வராத ஊர்ச்சாலை தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அக்கா, நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அன்று எடுத்த படங்களை அச்சுப் போட்டாகிவிட்டது. அப்பத்தாவுக்கும் அண்ணன்களுக்கும் ஐயாமார்களுக்கும் மாசி பிறந்ததும் நேரில் கொண்டு வந்து தருகிறோம்.

நன்றியுடன்,
சைக்கிளில் வந்த பெண்கள், பிள்ளைகள் எல்லோர் சார்பிலும்,
புதுக்கோட்டையிலிருந்து