ஆறாம் வகுப்புக்குப் போகும் மகளைப் பற்றி நண்பனுக்கு

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது யார் துணையும் இல்லாமல் செய்தித்தாள் படிக்கிறார்கள். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். என் பையன் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறான்.

உன் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தாய். ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்ட மூத்தவளைக் கடன் வாங்கியாவது மெட்ரிக் பள்ளியில் சேர்க்கலாமா என்பது ஒன்று. எட்டாவதோடு நின்றுவிட்ட நீயும், பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் தங்கச்சியும் அவள் படிப்புக்கு வீட்டிலிருந்து என்னதான் செய்ய முடியும் என்பது மற்றொன்று. நான் பல ஆண்டுகளாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்து வருபவன் என்பதால் இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்கிறாள் என்பதைப் பொறுத்துப் பின்னால் சில கதவுகள் திறக்கும், சில மூடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே அது பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைப்பதற்கும் அதே ஆறாம் வகுப்புதான் தொடக்கக் கோடு. மாநகராட்சிப் பள்ளியும் இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிதான். கட்டணத்துக்குக் கடன் வாங்கினால், அதை அடைக்க நீங்கள் இருவரும் இன்னும் கூடுதல் நேரம் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். வரும் மூன்று ஆண்டுகளில் அவளுக்கு மிகவும் தேவைப்படப்போவதே வீட்டில் உங்கள் நேரம்தான் என்பது என் கருத்து. முடிவு உங்களுடையது. ஆனால் இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போவது வெறும் ஒரு வகுப்பு ஏறுவதாகப் பெற்றோருக்குத் தோன்றும். குழந்தைக்கு அது வேறு ஊருக்குக் குடிபோவதைப் போன்றது. தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் நாள் முழுவதும் கூடவே இருந்தார். குழந்தை முகம் வாடியிருந்தால் அவருக்கே தெரிந்துவிடும். இங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வந்து, முக்கால் மணி நேரத்தில் போய்விடுவார். தெருமுனையில் இருந்த பள்ளி பஸ் ஏறிப் போகும் தூரத்துக்கு மாறுகிறது. காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கானது. ஆகவே இதுவரை பள்ளியில் பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டு வந்த பிள்ளை ஆறாம் வகுப்பின் முதல் நாளிலிருந்து வீட்டில் சாப்பிட்டால்தான் உண்டு. இதைப் பல பெற்றோர் கவனிப்பதே இல்லை. காலை இரண்டாம் பாடவேளையில் மேசையில் தலைசாய்க்கும் பிள்ளையிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், பத்துக்கு ஆறு பேர் டீயும் பன்னும் என்பார்கள், சிலர் ஒன்றுமில்லை என்பார்கள். நீங்கள் இருவரும் எட்டரை மணி ஷிப்டுக்கு ஓட வேண்டியிருப்பது எனக்குத் தெரியும். இரவு வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால்கூடப் போதும். காலையில் மோர் விட்டு, ஒரு வெங்காயத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் அவள் வாசலைத் தாண்ட வேண்டும். அவள் படிப்புக்கு நீ செய்யும் முதல் உதவி இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பாடத்தைச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதே என்று நீ வருந்தியிருக்கிறாய். அந்த வருத்தத்துக்கு இடமே இல்லை. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் எந்த விதமான ஈடுபாடு உதவுகிறது என்று கண்டறிய, 50 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசி, நான்சி ஹில், டயானா டைசன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டுப்பாடத்தில் கூடவே உட்கார்ந்து உதவுவதற்கும் தேர்ச்சிக்கும் இடையே நல்ல தொடர்பு எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை. படிப்பு எதற்காக, மேலே என்ன ஆக விரும்புகிறாய், இன்று படித்தது எங்கே பயன்படும் என்று பிள்ளையோடு பேசுவதற்கும் தேர்ச்சிக்கும்தான் மிக வலுவான தொடர்பு இருந்தது. அது வேறு நாடு. அங்குள்ள வீடு வேறு, பள்ளி வேறு. தடுமாறும் பிள்ளைக்குத்தான் பெற்றோர் அதிகம் உதவ உட்காருவார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் என் வகுப்பறைகளில் நான் பார்த்து வந்திருப்பதோடு அந்த முடிவு ஒத்துப்போகிறது. அப்பாவோ அம்மாவோ நோட்டைப் பிடுங்கிக் கணக்கைப் போட்டுக்கொடுத்த பிள்ளை மறுநாள் கரும்பலகைக்கு வந்தால் விழிக்கிறது. வீட்டில் யாரோ ஒருவர் தினமும் கேட்கிறார் என்பதற்காகவே பாடத்தைக் கவனிக்கும் பிள்ளையோ, தப்பாகப் போட்டாலும் எழுந்து வந்து போட்டுப் பார்க்கிறது.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன் பின்னக் கணக்கு வரவே வராது என்று பெயர் எடுத்திருந்தான். 'ஒரு கூடையில் 60 மாம்பழங்கள் உள்ளன. அவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு அழுகிவிட்டன எனில், நல்ல பழங்கள் எத்தனை?' என்ற கணக்கைக் கொடுத்தபோது வெறுமனே உட்கார்ந்திருந்தான். அருகில் அழைத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னேன். 'அவற்றில்' என்ற இடத்தில் நின்றான். 'எனில்' என்ற சொல்லை விட்டுவிட்டுத் தாண்டினான். நானே கதையாக, 'மாம்பழக்காரர் 60 பழம் கொண்டுவந்தார், அஞ்சு பங்கு போட்டால் அதில் ரெண்டு பங்கு அழுகல்' என்று சொன்னதும், அழுகியவை 24, நல்லவை 36 என்று மனக்கணக்காகவே சொல்லிவிட்டான். அவனுக்குக் கணக்கில் குறையில்லை. வாசிப்பில்தான் சிக்கல் இருந்தது. நடுநிலை வகுப்புகளில் பின்தங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்படித்தான் இருக்கிறார்கள்; அறிவியலும் சமூக அறிவியலும் நீளநீளமான வாக்கியங்களில் வரத் தொடங்கும்போது, தட்டுத்தடுமாறி வாசிப்பவர்கள் எல்லாப் பாடத்திலும் ஒரே நேரத்தில் பின்னால் போகிறார்கள். 2025இல் அரசுப் பள்ளிகளில் திறன் என்ற பெயரில் சிறப்பு வகுப்புகளைத் தொடங்கியதும் இப்படிப் பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிடத்தான். அந்தப் பட்டியலில் மகளின் பெயர் வந்தால் அவமானமாக நினைக்காதே; அங்கே ஆசிரியர் சிறு குழுவோடு உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

ஆகவே உன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரைக்கு மேல் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது, அவளை அன்றைய பாடத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல். கால் மணி நேரம் போதும். படித்து முடித்ததும், 'என்ன சொல்லியிருக்கிறார்கள், எனக்குப் புரியும்படி சொல்' என்று கேள். உனக்கு உண்மையாகவே தெரியாததைக் கேட்பதால் அவள் ஆசையோடு சொல்லுவாள். சொல்ல முடியாமல் எங்கே திணறுகிறாளோ அந்த இடம்தான் மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய இடம். இதற்கு நீ எட்டாவது படித்திருப்பதே அதிகம். உன் வேலையும் இதற்கு உதவும். ஆறாம் வகுப்பில் விகிதமும் விகித சமமும் வரும். ஒரு டஜன் பனியனுக்குக் கூலி இவ்வளவு என்றால் 30 பனியனுக்கு எவ்வளவு என்று நீ தினமும் போடும் கணக்கு அதுதான். அதை அவளிடம் கேட்டுப் பார், அப்பாவின் தொழிலும் தன் புத்தகமும் ஒன்றையொன்று தொடுவதை அவளே கண்டுகொள்வாள்.

வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள், அவளுடைய நோட்டுகளைப் புரட்டிப் பார். மதிப்பெண்ணைத் தேடாதே. ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தேதி எழுதியிருப்பார்கள். தேதிகள் விட்டுப்போயிருந்தால் அன்றைய பாடம் எழுதப்படவில்லை என்று பொருள். சிவப்பு மையால் அடித்த இடத்துக்குக் கீழே அவள் திருத்தி எழுதியிருக்கிறாளா என்று பார். ஒரே பாடத்தின் நோட்டு மட்டும் மெலிந்துகொண்டே போனால், அந்தப் பாடத்திலோ அந்த வகுப்பிலோ அவளுக்கு ஏதோ ஒரு தயக்கம் இருக்கிறது. கண்டிக்காமல் விசாரித்தால் காரணம் வெளியே வரும். சில நேரம் கண் சரியாகத் தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதே காரணமாக இருக்கும். ஆறாம், ஏழாம் வகுப்புகளில் ஆண்டு மூன்று பருவங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீடு, 60 மதிப்பெண் பருவ முடிவில் எழுதும் தொகுத்தறித் தேர்வு. அந்த 40, செயல்பாடுகளிலும் சிறு தேர்வுகளிலும் வாரம்வாரம் சேர்வது. எனவே கடைசி நேரத்தில் விழுந்து படித்து ஈடுகட்ட முடியாது. ஒழுங்காகப் பள்ளிக்கு வருவதுதான் வழி.

வருகை என்றதும் ஒன்றைத் தயங்காமல் எழுதிவிடுகிறேன், தங்கச்சியிடமும் காட்டு. இந்த மூன்று ஆண்டுகளுக்குள்தான் பெரும்பாலான பெண் பிள்ளைகள் பூப்பெய்துகிறார்கள். தனியே உட்கார வைப்பது, சடங்கு, சீர், உறவினர் வருகை என்று இரண்டு மூன்று வாரங்கள் போய்விடுகின்றன. ஒரு பிள்ளை அப்படி வீட்டில் இருந்தபோது நாங்கள் முழுக்களின் கூட்டலையும் கழித்தலையும் முடித்துவிட்டோம், திரும்பி வந்தவளுக்குக் குறை எண் என்றாலே அடுத்த ஆண்டு வரை பயம் போகவில்லை. உங்கள் குடும்ப வழக்கத்தை விடச் சொல்லவில்லை. விழாவை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளலாம், உடல் தேறியதும் பள்ளிக்கு அனுப்பிவிடலாம். அதற்கு முன்பே, என்ன நடக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்பதைத் தங்கச்சி அவளிடம் சொல்லி வைக்கட்டும். பையில் ஒரு நாப்கினும் இருக்கட்டும். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்புச் சத்து மாத்திரையை வயிற்றைப் புரட்டுகிறது என்று பல பிள்ளைகள் துப்பிவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பு. சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து செய்யும் பிசிறு வேலையில், அதாவது பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டும் வேலையில், அவளும் மாலையில் கை கொடுக்கிறாள் என்று எழுதியிருந்தாய். குடும்பத்தின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அதை நிறுத்திவிடு என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். ஆறரையிலிருந்து எட்டு வரை அவளுக்கென்று ஒரு மூலை, ஒரு விளக்கு, அந்த நேரத்தில் அணைத்து வைத்த டிவி, இவை கிடைத்தால் டியூஷன்கூடத் தேவைப்படாது. பத்து மணிக்குள் தூங்கிவிட வேண்டும். இந்த வயதில் ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும். செல்போனை உன் கையிலிருந்து மட்டும் வாங்கட்டும். பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் ஆறாம் வகுப்பு முதலே பாடங்களின் காணொளிகள் உள்ளன. விளங்காத பாடத்தை நீயும் அவளும் சேர்ந்து பார்த்துவிட்டுப் போனை வைத்துவிடலாம்.

பள்ளிக்கு நீ போக வேண்டும். புகார் வரும்போது மட்டும் போகும் பெற்றோராக இருக்காதே. பருவத்துக்கு ஒரு முறையாவது அரை நாள் விடுப்பு எடுத்து, வகுப்பாசிரியரிடம் 'அவளுக்கு எது நன்றாக வருகிறது, எது வரவில்லை' என்று கேள். ஆசிரியர் என்ற முறையில் சொல்கிறேன், முகம் தெரிந்த பெற்றோரின் பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் நாங்கள் உடனே போன் செய்வோம். பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை, மாலையில் பஸ் நிற்பதில்லை என்பது போன்ற விஷயங்களை அங்கேதான் எழுப்ப முடியும். தங்கச்சி தைரியமாகப் பேசுவாள். அவளையே உறுப்பினராக நிற்கச் சொல்.

இன்னொன்றையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள். எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு வரும். அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ படிப்பவளாகவும், பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாமலும் இருந்தால் எழுதலாம். மனத்திறன் 90, பாடத்திறன் 90 என்று இரண்டு தாள்கள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும், பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 50. பலரும் எட்டாம் வகுப்பின் நடுவில்தான் இதைக் கேள்விப்படுகிறார்கள். வருமானச் சான்றுக்கு அலைவதிலேயே நாள் போய்விடுகிறது.

பள்ளி திறப்பதற்குள் மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடு. சேர்ப்பதற்கு முன்பு ஒரு நாள் அவளையும் அழைத்துக்கொண்டு, அவள் போகப்போகும் அதே பஸ்ஸில், அதே நேரத்தில் அந்தப் பள்ளி வரை போய் வா; வகுப்பறை, கழிவறை, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் அவள் பார்க்கட்டும். எந்தப் பள்ளி என்று முடிவானதும் எனக்கு எழுது. முதல் பருவக் கணக்கில் எங்காவது தடுமாறினால் ஞாயிறு காலையில் போன் செய்யச் சொல், நானே பேசுகிறேன். தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்